ஆள் இல்லாத நேரம்

அவன் இன்றைக்கும் வந்துவிட்டான். மணி ஒன்று ஐம்பது. நேற்று ஒன்று நாற்பத்தைந்துக்கு வந்தான், முந்தாநாள் இரண்டு அடிக்கச் சற்று முன்னால். மூன்று நாளும் அதே வெளுத்த நீலச் சட்டை, அக்குளில் இடுக்கிய அதே கறுப்பு ரெக்சின் பை. தெருமுனையிலிருந்து வரும்போது இந்த வீடா அந்த வீடா என்று தடுமாறாமல் நேராக எதிர்வீட்டு கேட்டுக்கு வந்து நிற்கிறான், அதுதான் எனக்கு இடிக்கிறது. விலாசம் தேடுகிறவன் கதவு எண்ணைப் பார்ப்பான், யாரையாவது கேட்பான். இவனுக்கு வீடு தெரிந்திருக்கிறது. வீட்டில் ஆள் இல்லை என்பதும் தெரிந்திருக்கிறது. கேட்டில் தொங்கும் பூட்டைப் பார்த்து இவன் ஏமாறவில்லை, அது தொங்குகிறதா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்கிறான், அவ்வளவுதான். நான் ஜன்னல் திரையை இரண்டு விரலால் விலக்கிப் பிடித்திருக்கிறேன். விலக்கியதில் திரை வளையம் கம்பியில் கிரீச்சிட்டது, அவனுக்குக் கேட்டிருக்குமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டில், என் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு நான் ஏன் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று உடனே எரிச்சலும் வந்தது.

போன வெள்ளிக்கிழமை மழையில் கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் மேம்பாலப் படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகியிருக்காவிட்டால் எனக்கு இவனைத் தெரிந்தே இருக்காது. பதினான்கு வருடமாகக் குறிஞ்சி நகரில் இருக்கிறேன், ஒரு வேலைநாள் மதியத்தில் இந்தத் தெரு எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை. காலை ஏழு பன்னிரண்டு வண்டி, மாலை இருட்டின பிறகு ஷேர் ஆட்டோ. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவே சரியாகிவிடும். நான் மட்டுமில்லை, தெருவே அப்படித்தான். எட்டு மணிக்குள் கேட் கேட்டாகப் பூட்டு விழுந்துவிடும். கிண்டி, பாரிமுனை, ஒரகடம், விமான நிலையம் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டால் பிறகு இங்கே மிஞ்சுவது ஒரு நாய், இரண்டு மூன்று வீட்டுக் குக்கர் விசில், எங்கோ நிறுத்த மறந்து ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார். நாங்கள் உயிரைக் கொடுத்துக் கட்டிய வீடுகளைப் பகலெல்லாம் யார் பார்க்கிறார்கள்? இவன் பார்க்கிறான். இப்படி எத்தனை பேர் பார்க்கிறார்களோ. எங்கள் வீட்டு வாசலிலும் ஒருவன் நின்றிருப்பானோ, பதினான்கு வருடத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், மாடி ஜன்னலை எண்ணிக்கொண்டு. அந்த நினைப்பு வந்ததும் கீழ்க்கதவைத் தாழ் போட்டேனா என்று சந்தேகம் வந்தது. நான் எங்கே போடுவது, என் வீட்டுக்காரர் சாரங்கன்தான் ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும்போது வெளியே பூட்டி, சாவியை ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டுப் போனார். யார் மணி அடித்தாலும் திறக்காதே, பால்காரனாக இருந்தாலும் திறக்காதே என்று மாடியிலிருக்கும் எனக்குக் கேட்கும்படி கத்திவிட்டுப் போனார். ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்று அதைவிடத் தெளிவாகத் தெருவுக்கு அறிவிக்க முடியாது.

சந்தேகம் எனக்குத் தொழில். இருபத்திரண்டு வருடமாக ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இறப்புக் கோரிக்கைப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். என் மேஜைக்கு வருகிற ஒவ்வொரு தாளிலும் ஒருவர் செத்துப்போயிருப்பார், அவர் உண்மையிலேயே செத்தாரா என்று பார்ப்பது என் வேலை. பதிவு எண், தேதி, கையெழுத்தின் சாய்வு, முத்திரையின் மை. அழுதுகொண்டே நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்கக் கூடாது, தாளைத்தான் பார்க்க வேண்டும் என்று சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருமுறை செத்துப்போனதாக எழுதிக் கொடுத்த ஆளே, மனைவிக்குத் துணையாக வந்து பின்னால் குடையோடு நின்றுகொண்டிருந்தான். நான்தான் கண்டுபிடித்தேன். அலுவலகத்தில் அதை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அன்றிலிருந்து எனக்குக் குடையோடு நிற்கிற யாரைப் பார்த்தாலும் ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கத் தோன்றும். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. கோயமுத்தூர் ஹாஸ்டலிலிருந்து மகன் போன் செய்தால், பின்னால் கேட்கிற சத்தம் ஹாஸ்டல் சத்தம்தானா என்று காது போகும். உனக்கு எல்லார் பேரிலும் ஒரு ஃபைல் இருக்கு கஸ்தூரி, என் பேரில் எத்தனை பக்கம் ஆச்சு என்று சாரங்கன் கேட்பார். கேலியாகத்தான் கேட்கிறாரா என்றும் எனக்குச் சந்தேகம் உண்டு.

இப்போது குனிகிறான். கேட்டின் அடிவழியாக உள்ளே பார்க்கிறான். என்ன இருக்கிறது அங்கே, துளசித் தொட்டி, சின்னச் சைக்கிள், படியில் கிடக்கிற செருப்புகள். ஆள் வயது அறுபதைத் தாண்டியிருக்கும். திருடுகிறவனுக்கு வயது உண்டா என்ன, நோட்டம் பார்க்க வயதானவர்களைத்தான் அனுப்புகிறார்கள் என்று ரயிலில் யாரோ சொன்னார்கள், சந்தேகம் வராதாம். எனக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டில் இருப்பது சுகந்தியும் அவள் புருஷன் இளம்பரிதியும் இரண்டாவது படிக்கிற பெண் குழந்தையும். அவளுக்குக் கிண்டியில் வேலை, அவனுக்கு விமான நிலையச் சரக்குப் பிரிவில். குழந்தை பள்ளி வேனில் வந்து அடுத்த தெரு டியூஷன் டீச்சர் வீட்டில் இறங்கிக்கொள்ளும். ஆகவே காலை எட்டிலிருந்து மாலை ஏழுவரை அந்த வீட்டில் ஈ எறும்பு கிடையாது. இதை நான் இவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருக்கிறேன், இவனும் தெரிந்துவைத்திருக்கிறான். அவன் பூட்டைத் தொட்டான். இழுத்துப் பார்க்கவில்லை, தூக்கிப் பார்க்கவில்லை, விரலால் ஒருமுறை தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். போன மாதம் நாலாவது தெருவில் செயின் அறுத்தார்களே, அதற்கு முன்னாலும் இப்படித்தான் யாரோ தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் போனை எடுத்தேன். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே அவன் முகம் வரும்வரை காத்திருந்து படம் எடுத்தேன். அவன் சரியாக அந்த நொடியில் என் ஜன்னலைப் பார்த்து நிமிர்ந்திருந்தான்.

படத்தை நகர் நலச் சங்கத்துக் குழுவில் போட்டேன். இரண்டாவது குறுக்குத் தெருவில் சுகந்தி வீட்டு வாசலில் சந்தேகப்படும்படி ஓர் ஆள், மூன்று நாளாக இதே நேரம் வருகிறான், யாருக்காவது தெரியுமா என்று எழுதினேன். எழுதி முடித்ததும் ஒரு நிம்மதி வந்தது, தும்மல் வந்து போனதுபோல. ஒரு நிமிடத்தில் பதில்கள் கொட்டின. கிண்டியிலும் ஒரகடத்திலும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கெல்லாம் எங்கள் தெரு கண்முன் வந்துவிட்டது. பிடித்து வையுங்கள் என்றார் ஒருவர். இந்த ஆளை எங்கள் தெருவிலும் பார்த்தேன் என்றார் இன்னொருவர். நாலாவது தெருவில் செயின் அறுத்தவன் இவன்தான் என்று ஒரு பெண்மணி உறுதியாகச் சொன்னாள். எனக்கு நன்றாகத் தெரியும், செயின் அறுத்தவன் ஹெல்மெட் போட்ட இளவட்டம் என்றுதான் அன்றைக்கு எல்லாரும் சொன்னார்கள். அதைத் திருத்தி எழுதலாமா என்று நினைத்தேன், எழுதவில்லை. இவனாகவும் இருக்கலாம் என்று ஒரு ஓரத்தில் தோன்றியது. சங்கச் செயலாளர் கனகசபாபதி, தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், பகலில் நகரில் இருக்கிற இரண்டொரு ஆண்களில் ஒருவர், நான் போகிறேன் என்று போட்டார். அவர் கிளம்புவதற்குள் இவன் போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பதற்றமாக இருந்தது. போகாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், அவன் கைவைத்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை, நான் சொன்னது சரி என்று ஆக வேண்டும் என்பதுபோல.

அவன் போகவில்லை. கனகசபாபதியும் இஸ்திரி போடும் முனிரத்தினமும் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து வந்தார்கள். ஓடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஒதுங்கி வழிவிட்டான், அவர்கள் வேறெங்கோ போகிறார்கள் என்று நினைத்தவன் மாதிரி. செயலாளர் கையை நீட்டிக் கேட்பது தெரிந்தது, பேச்சுக் கேட்கவில்லை. அவன் பதில் சொல்லவில்லை, பையை இன்னும் இறுக்கிக்கொண்டான். முனிரத்தினம் பையைப் பிடித்து இழுத்தார். அப்போது அவன் நிலை தடுமாறி எதிர்வீட்டுச் சுவரில் தோள்பட மோதினான், மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. அதை எடுக்க அவன் குனிந்தபோது தலையின் நடுவில் வழுக்கை தெரிந்தது, வெயிலில் பளபளத்தது. நான் பிடிக்கச் சொல்லவில்லை, தெரியுமா என்றுதான் கேட்டேன். கேள்விதான் கேட்டேன். அதை யாரிடம் சொல்கிறேன் என்று தெரியாமல் சொல்லிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. சுகந்தி.

“அக்கா, அது எங்க அப்பா.”

அவ்வளவு தாழ்ந்த குரலில் சொன்னாள். பின்னால் அலுவலகச் சத்தம், யாரோ சிரிக்கிறார்கள். எனக்கு அந்த நொடியில் ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம் ஞாபகம் வந்தது, ஏன் அதற்கு முன்னால் வரவில்லை என்று இன்னும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்கள் குடிவந்த இரண்டாம் நாள், காய்ச்சிய பால் டம்ளரோடு வந்து நின்றாள், கல்யாணமாகிச் சில மாதம்கூட ஆகாத பெண். எங்களைக் கேட்டு யாராவது வந்தா இங்க இல்லைன்னு சொல்லிடுங்கக்கா என்றாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அச்சிறுபாக்கம் பக்கம் ஊர். இளம்பரிதி வேறு ஆட்கள். ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் ஆன மூன்றாவது வாரம் சித்தப்பாவும் இன்னும் நாலு பேரும் காரில் வந்து அவள் வேலை பார்த்த இடத்தில் விசாரித்தார்கள். அப்பா வண்டியை விட்டு இறங்கவில்லையாம், முன்சீட்டில் உட்கார்ந்தே இருந்தாராம். அதைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொல்வாள், இறங்கவில்லை என்பதை. தடுக்க இறங்கவில்லையா, அடிக்க இறங்கவில்லையா என்று நான் அப்போதே யோசித்திருக்கிறேன். அந்த அப்பா இப்போது மூன்று நாளாக, எனக்குத் தெரிந்து மூன்று நாளாக, இந்தப் பூட்டை வந்து தொட்டுவிட்டுப் போகிறார். அவர் மகள் ஒளித்து வைத்திருந்த விலாசத்தின் வாசலில் நின்ற அவரை, நான் படம் பிடித்து அவள் கைக்கே அனுப்பியிருக்கிறேன்.

அவள் கேட்டாள், கூட யாராவது வந்திருக்காங்களா, தெருமுனையில் கார் நிற்குதா. நான் எட்டிப் பார்த்து இல்லை என்றேன். எட்டிப் பார்த்த இடத்திலிருந்து தெருமுனை சரியாகத் தெரியாது, ஆனாலும் இல்லை என்றேன். அவரை அனுப்பிடாதீங்கக்கா, நான் கிளம்பிட்டேன் என்றாள். அடுத்த மூச்சில், உள்ளயும் விடாதீங்க என்றாள். பிறகு டியூஷன் டீச்சரிடம் சொல்லிவிட்டதாகவும், தான் வருகிறவரை குழந்தையை வெளியே விட மாட்டார்கள் என்றும் சொன்னாள். கடைசியாக, அந்தப் பையில என்ன இருக்குன்னு பாத்தீங்களா என்று கேட்டாள். பெற்ற தகப்பனைப் பற்றி ஒருத்தி கேட்கிற கேள்வி அது. நான் நூறு பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன், இந்த மாதிரி ஒரு கேள்வி கேட்க வேண்டிய நிலை எனக்கு வந்ததில்லை. பார்க்கிறேன் என்றேன்.

படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். பதினேழு படி. ஒவ்வொரு படியிலும் வேறு வேறு விதமாக நினைப்பு. பையில் கத்தி இருக்கலாம், அரிவாளுக்கு அது சின்னப் பை. பாட்டிலில் எதையாவது கொண்டுவந்திருக்கலாம். வயதானவர் என்று இரக்கப்படுவதுதான் ஆபத்து. இல்லை, கத்தி வைத்திருக்கிறவர் ஆள் இல்லாத நேரத்தில் ஏன் வர வேண்டும்? நோட்டம் பார்க்க வந்திருப்பார், நாள் குறித்துக்கொண்டு வேறு ஆளை அனுப்புவார். அப்படியானால் இன்றைக்கு அவரைப் பிடித்தது நல்லது. நல்லது என்று நினைத்ததும் கால் சுரீர் என்றது. சாவியை எடுத்துக் கம்பிக் கதவுக்கு வெளியே கை நீட்டிப் பூட்டைத் திறந்து, போர்ட்டிகோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, விடுங்க சார், தெரிஞ்சவர்தான் என்று கனகசபாபதியிடம் சொன்னேன். யார் என்றார். சுகந்தியுடைய அப்பா. அவர் முனிரத்தினத்தைப் பார்த்தார், முனிரத்தினம் பையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சட்டையில் துடைத்துக்கொண்டார். இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே பெரியவரே என்று செயலாளர் கோபப்பட்டார். மாடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் என்று இருந்தவர் கீழே வந்ததும் எனக்கும் அவர் ஆகிவிட்டார். ஆனால் அவரை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினேன். உள்கதவை என் முதுகுக்குப் பின்னால் சாத்திவிட்டு, எதிரே இன்னொரு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தேன். மற்ற இருவரும் போவதுபோல் போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்கள்.

கண்ணாடியில் ஒரு பக்கம் கீறல் விழுந்திருந்தது. அதை வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார். பேர் பலராமன் என்றார். சுகந்தி கிளம்பி வருகிறாள் என்று சொன்னதும் எழுந்துவிட்டார். வேணாம்மா, நான் ஒரு வேலையா வந்தேன், போயிடறேன், அதுகிட்ட சொல்லாதீங்க என்றார். அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள் என்றேன். எப்படி என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும், நான்தான் படம் எடுத்தேன் என்று. நான் சொன்னது வேறு: அந்தப் பையை நான் பார்க்கணும். முனிரத்தினம் இழுத்தபோது கொடுக்காதவர் என்னிடம் உடனே கொடுத்துவிட்டார். நீங்க எதிர்வூடு தானே, தினமும் பாக்கறவங்க என்றார். திறந்தேன். தண்ணீர் பாட்டில், மூடி திறந்து முகர்ந்து பார்த்தேன், தண்ணீர்தான். காலியான டிபன் டப்பா. மாத்திரை அட்டை. மேல்மருவத்தூரிலிருந்து கூடுவாஞ்சேரிக்கு மூன்று மாத சீசன் டிக்கெட், ஆனி மாதம் எடுத்தது. அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள். உறையிலிருந்து எடுக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தாளின் ஓரக்கோடு, தலைப்பெழுத்தின் இடம், வலது மூலை கியூஆர் கட்டம் எல்லாம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். இறப்புச் சான்றிதழ். அலமேலு, வயது ஐம்பத்தொன்பது, கணவர் பெயர் பலராமன். தை மாதத்துத் தேதி.

சுகந்தியின் அம்மா. அவள் அம்மாவைப் பற்றிப் பேசுகையில் எப்போதும் இருக்கிறாள் என்ற கணக்கில்தான் பேசுவாள். போன மாதம்கூட, அம்மா அதிரசத்துக்குப் பாகு பார்க்கிற விதமே தனி என்றாள், பார்க்கிற என்றுதான் சொன்னாள். நான் அந்த மனுஷியை நினைத்து அழுதிருக்கலாம், எதிரே இருக்கிற மனுஷரைப் பார்த்தாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். என் கண் பதிவு எண்ணுக்குப் போனது. இறந்த தேதிக்கும் பதிவான தேதிக்கும் எத்தனை நாள் என்று பார்த்தது. வீட்டுக்குள் நுழைய இதைவிட நல்ல தாள் ஒருவருக்குக் கிடைக்காது என்று ஒரு குரல் சொன்னது, இருபத்திரண்டு வருடக் குரல். கை தானாகப் போனை எடுத்து மூலைக் கட்டத்துக்கு நேரே பிடித்தது. திரை ஒரு சுற்றுச் சுற்றியது. அலமேலு என்று வந்தது, அதே தேதி, அதே எண். நிஜம். நான் நிமிர்ந்தபோது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், என் மேஜைக்கு முன்னால் நிற்கிறவர்கள் பார்ப்பார்களே, அதே மாதிரி.

“சரியா இருக்குதாம்மா?” என்று கேட்டார்.

சரியாக இருக்கிறது என்றேன். அதைச் சொன்ன வாயை நான் என்ன செய்வது. அவராகவே சொல்ல ஆரம்பித்தார். சிறுநீரகம் போய்விட்டது, ஏழு மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தார்கள். மகளுக்குச் சொல்லக் கூடாது என்று தம்பி சொன்னானாம், நானும் சரின்னேன் என்றார். தம்பிமேல் பழியைப் போட்டுவிட்டுப் போவார் என்று நினைத்தேன், போடவில்லை. நானும் சரின்னேன் என்பதை இன்னொரு தடவையும் சொன்னார். அந்த அம்மா மகளைப் பார்க்கணும் என்று கேட்கவில்லையா என்றேன். கேக்கலீங்க, கேட்டிருந்தா சொல்லி அனுப்பியிருப்பேன், அது கேக்கவே இல்ல என்றார். கேட்டால் நடக்காது என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கும். கேட்டிருந்தால் என்று அவர் சொல்வதை நிஜமாகவே நம்புகிறாரா, நம்புவதாகச் சொல்லிக்கொள்கிறாரா என்று பார்த்தேன், முகத்தில் தெரியவில்லை. பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் இங்கே கட்டட வேலைக்கு வந்தபோது சுகந்தியைப் பார்த்து அடையாளம் சொன்னானாம். அதிலிருந்து வருகிறார், வாரத்தில் மூன்று நாள் நாலு நாள். அவ்வளவு நாளாகவா என்று கேட்டுவிட்டு, வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஏன் வர வேண்டும், சாயங்காலம் வந்தால் இருப்பாளே என்றேன். குரலில் கொஞ்சம் அதட்டல் இருந்தது, இன்னும் பிடி விடாதவள் குரல். அவர் எதிர்வீட்டு கேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“இருந்தா சொல்லணுமேம்மா.”

பிறகு அவர்தான் கேட்டார், பொண்ணு இருக்குதாமே, பேரு என்ன என்று. எனக்குத் தெரியும், ஆதிரை. வாயில் வந்துவிட்டது. சொல்லவில்லை. சுகந்தி வரட்டும் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். தாள் நிஜமாக இருந்தால் ஆளும் நிஜம் என்று ஆகிவிடுமா? செத்தது நிஜம், வந்தது நிஜம், எதற்கு வந்தார் என்பதற்கு எந்த முத்திரையும் கிடையாது. அந்தத் தம்பிக்கு இவர் இங்கே வருவது தெரியுமா என்று கேட்க நினைத்தேன், கேட்டேன்கூட. தெரியாது, மருவத்தூர் கோயிலுக்குப் போறதா சொல்லிட்டு வரேன் என்றார். அதை நம்பினேன். நம்பிவிட்டு, ஏன் நம்பினேன் என்று அதையே சுற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, காலை இழுத்துக்கொண்டு அவருக்குக் கேட்காத தூரத்துக்குச் சுவரைப் பிடித்துப் போனேன். ரயில் சத்தம். பையில என்னக்கா என்றாள் சுகந்தி. டிபன் டப்பா, தண்ணி பாட்டில், பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல, ஒரு பேப்பர் இருக்கு, நீ வந்து பாரு என்றேன். வண்டி ஏதோ பாலத்தில் போகிற சத்தம் மட்டும் வந்தது.

“நீங்க ஆபீஸ்ல பாக்கற பேப்பரா?” என்றாள்.

ஆமாம் என்றேன். அவர் அங்க உட்கார்ந்திருக்காரு, அப்ப அம்மாவா என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். எப்போது என்று கேட்டாள், தேதியைச் சொன்னேன். தையா என்று மட்டும் சொன்னாள். பொங்கலுக்கு இந்தத் தெருவில் பெரிதாகக் கோலம் போட்டுப் பரிசு வாங்கினவள் அவள்தான், அது அவளுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்கும், எனக்கு வந்தது. வண்டலூர் தாண்டிட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

இருபது நிமிடம் இருக்கும். குழுவில் அதற்குள் செய்தி போயிருந்தது, கனகசபாபதி போட்டிருந்தார், தவறான தகவல், அவர் நம் சுகந்தி அவர்களின் தந்தையார் என்று. அதற்குக் கீழே கும்பிடுகிற கைகள் வரிசையாக. செயின் அறுத்தவன் இவன்தான் என்று எழுதின பெண்மணியும் ஒரு கும்பிடு போட்டிருந்தாள். என் படம் மேலே அப்படியே இருந்தது. அழித்தேன். அழித்த இடத்தில் அழிக்கப்பட்டது என்று ஒரு வரி வந்து உட்கார்ந்துகொண்டது. அப்போது அவரிடம் சொல்லிவிட்டேன், மாடியிலிருந்து உங்களைப் படம் பிடித்துப் போட்டது நான்தான் என்று. திட்டுவார் என்று இருந்தேன். நல்லதுதாம்மா, இல்லன்னா இன்னும் எத்தினி நாளு வந்துகினு இருந்திருப்பேனோ என்றார். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது, அப்படி எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை என்றும் தெரிந்தது.

ஷேர் ஆட்டோ தெருமுனையில் நின்றது. சுகந்தி இறங்கி நடந்து வந்தாள், ஓடவில்லை. தோளில் அலுவலகப் பை, கழுத்தில் அடையாள அட்டை, கழற்ற மறந்திருக்கிறாள். முகத்தில் அழுத தடம் இல்லை, அது என்னைப் பயமுறுத்தியது. பலராமன் எழுந்து நின்றார். வேப்பமரத்தடியில் நின்ற இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எங்கள் கேட்டுக்கு நேரே வந்ததும் அவள் நடை ஒரு கணம் நின்றது. அவரைப் பார்த்தாள், கீறல் விழுந்த கண்ணாடியைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த பிளாஸ்டிக் உறையைப் பார்த்தாள். திரும்பித் தன் வீட்டுப் பூட்டைத் திறந்தாள். கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள், வாசல் கதவைத் திறந்தாள், போய்விட்டாள். ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன், உள்ளே நுழைந்த கையோடு திரும்பி கேட்டைச் சாத்தி, கொக்கி போட்டு, போட்டதை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியேறுவாள். இன்றைக்கு கேட் திறந்தபடி கிடந்தது. வாசல் கதவும் திறந்தே இருந்தது. உள்ளே விளக்குப் போடவில்லை, தெருவிலிருந்து பார்க்க ஒன்றும் தெரியவில்லை.

அவர் போர்ட்டிகோ விளிம்பில் நின்று அந்தத் திறப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலைக் கீழே வைத்தார், எடுத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பி, தொறந்து வெச்சிருக்குதா, சாத்த மறந்துடுச்சா என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும். அம்மா போன சேதி கேட்டு வந்தவள் கேட்டை மறந்திருக்கலாம். உள்ளே போய் இளம்பரிதிக்குப் போன் செய்துகொண்டிருக்கலாம், போலீசுக்குக்கூடச் செய்துகொண்டிருக்கலாம். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சாத்தப்போகிறாளாக இருக்கலாம். எதற்கும் என்னிடம் ஆதாரம் கிடையாது. அவர் காத்துக்கொண்டிருந்தார்.

“தொறந்துதான் வச்சிருக்கா,” என்றேன். “போங்க.”